கோணல் ஏழு

இருபத்தேழாம் நம்பர் ஆமை தெருவைக் கடந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிய பெரியவள் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அதைக் கண்டு நின்றாள். ஆமை குறுக்கே வந்தால் நின்று வழிவிட வேண்டும் என்பது இப்போது அந்தக் குடியிருப்பில் எழுதாத சட்டம். பைக்கில் வந்த ஒருவன்கூட காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். பெரியவள் நின்றது அந்த மரியாதைக்காக அல்ல, ஆமையின் முதுகில் வெட்டியிருந்த ஏழைப் பார்ப்பதற்காக. ஏழின் மேல்கோடு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. கால் நேராக இறங்காமல் பாதி வழியில் வளைந்து, குடித்தவன் நடை மாதிரி எங்கோ போய் முடிந்திருந்தது.

"இதுக்குப் பேரு ஏழா," என்று முணுமுணுத்தாள். அன்றைய பொழுது அத்தோடு கெட்டது.

அந்த ஏழை வெட்டியவள் அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பெரியவள், சின்னவள் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவு சுவர். பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். சுவரை எழுப்பியபோது கல்லை எப்படிப் பங்கு போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பெரியவளுக்குப் பிழைப்பு பேர் வெட்டுவது. பஜார் தெருப் பாத்திரக் கடையில், தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் பாத்திரம், கையில் பேர் வெட்டுகிற மெஷின். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பேனா தடிமனில் ஒரு குழல், முனையில் துள்ளும் ஊசி. அதை வைத்துக்கொண்டு குடத்தின் கழுத்தில் அவள் எழுதுகிற எழுத்தைப் பார்த்தால் அச்சுக்காரன் வெட்கப்படுவான். பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது கிடையாது. அழித்து எழுதுவது கிடையாது. "அந்த அம்மா வெட்டினாத்தான் வாங்குவேன்" என்று காத்திருந்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. முதலாளி அவளுக்கு மட்டும் டீயைக் கண்ணாடி டம்ளரில் வரவழைப்பார். மற்றவர்களுக்குக் காகிதக் கப்தான்.

இப்படிப்பட்ட கை இங்கே இருக்க, ஆமை ஓட்டில் நம்பர் வெட்டும் வேலை சின்னவள் கைக்குப் போனது எப்படி? அதை நினைத்தால் பெரியவளுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

ஊரைச் சுற்றி முள்ளும் புதரும் மண்டிய வறண்ட காடு. மழை ஒரு பாட்டம் பெய்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, ஆமைகள் புதரிலிருந்து கிளம்பித் தெருவழியே ஊர்வலம் போகும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரியும். அந்த அழகே அதற்கு எமனாக வந்தது. எங்கேயோ தூர தேசத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்ப்பதற்கு வாங்குகிறார்களாம். கோணிப்பையோடு ஆமை வாங்க ஆட்கள் வந்தார்கள், ஊர் அவர்களைக் கோணிக்காரர்கள் என்றது. ஊரில் சிலர் பிடித்துக் கொடுத்தார்கள். காலில் டேப்பைச் சுற்றி, பெட்டியில் துணிக்கு நடுவில் அடுக்கி அனுப்புவார்கள். போய்ச் சேருவது பாதி, செத்துப்போவது பாதி. சில வருஷத்தில் மழை பெய்தும் தெரு வெறிச்சென்று கிடந்தது. அப்போதுதான் பெண்கள் சேர்ந்து காவல் குழு ஆரம்பித்தார்கள். காடு சுற்றினார்கள், பஸ் நிறுத்தத்தில் பை பார்த்தார்கள். ஆமை டாக்டர் என்று ஊர் கூப்பிடும் ஒரு பெண் வந்து வழி சொன்னாள்.

"அழகுக்காகத்தானே வாங்குறான். அந்த அழகைக் கொஞ்சம் கெடுத்து வச்சிட்டா வாங்க மாட்டான். ஓட்டு மேல லேசா நம்பர் வெட்டிடலாம். ஆழமாப் போகாம பார்த்துக்கிட்டா அதுக்கு வலிக்காது. கீறல் விழுந்த ஓட்டுக்கு வெளியில விலை இல்ல."

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, "வெட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். பின்வரிசையில் பெரியவள் இருந்தாள். கையைத் தூக்கினாளா? இல்லை. நாலு பேர் திரும்பி 'அதோ பெரியவ இருக்காளே' என்று சொல்லட்டும், எழுந்து நிற்கலாம் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு பேரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காரணம் அவள் புருஷன். மூத்தவன் ஒருகாலத்தில் கோணிக்காரர்களுக்கு ஆமை பிடித்துக் கொடுத்தவன். பிடிபட்டு உள்ளே இருந்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து கல் கிரஷரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான். வழியில் ஆமையைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அது ஊருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆமை பிடித்தவன் வீட்டுக்காரியிடம் ஆமையைக் கொடு என்று எந்த வாயால் சொல்வது?

யாரும் எழாததைப் பார்த்துச் சின்னவள் எழுந்து, "நான் கத்துக்கிறேன் டாக்டர்," என்றாள். அவளுக்கு மெஷினை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

அன்றிலிருந்து பெரியவள் சின்னவளிடம் பேசுவதைக் கணக்காக வைத்துக்கொண்டாள். கேட்டால் பதில், அவ்வளவுதான். சின்னவள் குழாயடிக்குக் கொண்டுவரும் பிளாஸ்டிக் மக் முழுக்க நம்பராகக் கிறுக்கியிருந்தது. பழகிப் பார்க்கிறாளாம். இரண்டும் மூன்றும் எட்டுமாக, ஒன்று மேல் ஒன்று ஏறி, கோழி கிளறிய குப்பை மாதிரி. ஒருநாள் சின்னவள் மக்கை நீட்டி, "எட்டு மட்டும் வரவே மாட்டேங்குதுக்கா. எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும். நான் சட்டி பானையில எழுதுறவ," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். சின்னவள் முகம் சுண்டிப்போனது. பெரியவளுக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. பொறாமை சாப்பாட்டைத்தான் கெடுக்கும், தூக்கத்தைச் சில நாள் கொடுக்கவும் செய்யும்.

மேடம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

துவைக்கிற கல்லுக்கு அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். ஒருநாள் காலை அங்கே ஓர் ஆமை இருந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் தாங்கும் அளவு. அப்படி ஓர் ஓட்டை அவள் பார்த்ததே இல்லை. ஒரு கீறல், ஒரு சொட்டை கிடையாது. மஞ்சள் கோடுகள் இழுத்துப் பிடித்த நூல் மாதிரி நேராக ஓடின. 'இதை வெட்டினவன் கை எப்பேர்ப்பட்ட கையா இருக்கணும்' என்று தொழில்காரிக்குத் தோன்றியது. சுரைக்காய்த் தோலை நறுக்கிப் போட்டாள். அது கழுத்தை நீட்டி, தோலை ஒருதரம் மேற்பார்வை பார்த்துவிட்டு, சாவகாசமாகத் தின்றது. ஆபீசைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய அதிகாரி மாதிரி இருந்ததால் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தாள். அது தினமும் வந்தது. சின்னவள் வீட்டுப் பக்கம் கீரைத்தண்டு கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஊர் ஆமையெல்லாம் சின்னவளுடையது என்றால், இது ஒன்று தன்னுடையது.

மூத்தவன் மட்டும் ஒருதரம் சொன்னான். "குழுவுல சொல்லிடு. நம்பர் போட்டுட்டுப் போகட்டும்."

"அவ கையால இதுல கோணல் ஏழு போடணுமா? முடியாது."

"போட்டாத்தான் அதுக்குக் காவல்."

"நான் இருக்கேன் காவலுக்கு."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஆமை விஷயத்தில் வாயைத் திறக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருப்பவன்.

முதல் மழை முடிந்து குழு வீடு வீடாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் குரல் கேட்டதுமே பெரியவள் பின்கட்டுக்கு ஓடினாள். மேடம் கல்லடியில் தோலைத் தின்றுகொண்டிருந்தது. மூலையில் அவளுடைய அண்டா இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கி, தன் பெயரையும் புருஷன் பெயரையும் தானே வெட்டிய அண்டா. அதைத் தூக்கி மேடத்தின்மேல் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் நின்று துணி பிழிய ஆரம்பித்தாள். பிழிய எடுத்தது காய்ந்த துணி.

சின்னவள் உள்ளே வந்தாள். கழுத்தில் குழு அட்டை, கையில் மெஷின். பின்னால் குழுப் பெண்கள் இருவர்.

"அக்கா, உங்க பக்கம் ஏதாவது வந்துச்சா?"

"எங்க பக்கம் என்ன வரும். எல்லாம்தான் உங்க பக்கம் வந்துடுதே."

அண்டாவுக்குள் கறக் கறக் என்று ஒரு சத்தம். பெரியவள் இருமினாள். மறுபடி கறக். மறுபடி இருமல்.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"தூசி."

சின்னவள் அண்டாவைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா, சுடுதண்ணி குடிங்க," என்று சொல்லி மற்றவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏமாற்றிவிட்டோம் என்று பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. அண்டாவைத் தூக்கிப் பழையபடி மூலையில் கவிழ்த்து வைத்து, மேடத்தைப் போகவிட்டாள்.

மறுநாள் பழைய பாத்திரக்காரன் வந்தான். தள்ளுவண்டியில் வாரம் ஒருதரம் வருகிறவன்தான். கடை விடுமுறை, அவளும் வீட்டில் இருந்தாள்.

"அந்த அண்டாவைத் தர்றீங்களாம்மா? நல்ல கனம்."

"அது விக்கிறதுக்கு இல்ல."

"சும்மா எடை பார்க்கலாமே," என்று அவள் தடுப்பதற்குள் நிமிர்த்திவிட்டான். வெயில் தணியட்டும் என்று மேடம் பக்கத்திலேயே கல்லடி நிழலில் படுத்திருந்தது. அவன் அண்டாவை மறந்து அதையே பார்த்தான். குனிந்து, சுற்றிவந்து பார்த்தான்.

"கீறலே இல்லையேம்மா."

அந்த இடத்தில் அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

"எப்படி இருக்கும்? நான்தான் கிட்டவே விடலையே. அவளுக்கு எழுத்தா வருது? இருக்கற ஓட்டையெல்லாம் நாசம் பண்ணி வச்சிருக்கா."

"அதானே. இந்த ஊர்லயே இப்படிச் சுத்தமா ஒண்ணு இல்லம்மா. பார்க்கத் தெரிஞ்சவங்க வீட்டுலதான் இது இருக்கும்." அண்டாவில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தான். "இது உங்க கையா? எழுத்துன்னா இது எழுத்து."

தெருவில் ஒருத்தரும் சொல்லாததை ஒரு வண்டிக்காரன் சொல்லிவிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். போகிறபோக்கில், "தினம் வருமாம்மா இது?" என்று கேட்டான். "நான் கடைக்குக் கிளம்பற நேரத்துக்கு டாண்ணு வந்துடும்," என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் கடையிலிருந்து திரும்பியபோது கல்லடி காலியாக இருந்தது. நறுக்கிப் போட்ட தோல் வாடிக் கிடந்தது. மூலையில் அண்டாவும் இல்லை. அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஈரத்தடம் மட்டும் இருந்தது.

பெரியவள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? குழுவிடம் சொன்னால், 'இருக்கா என்று கேட்டோமே' என்பார்கள். புருஷனிடம் சொன்னால், 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்றுகூடச் சொல்ல மாட்டான், அதுதான் கஷ்டம். டேப் சுற்றிய நாலு கால்கள் கண்ணுக்குள் வந்தன. தூர தேசத்துக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பெட்டி வரைக்கும் போய்ச் சேருமோ சேராதோ. வாடிய தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

சொல்வதற்குத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் காலை குழுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். "பெரியண்ணனைக் கூடத்துக்கு வரச் சொல்றாங்க. பஸ் நிறுத்தத்துல பழைய பாத்திரக்காரன் வண்டி மாட்டிடுச்சு. சாக்குக்குக் கீழ அண்டா. அண்டாக்குள்ள நம்பர் போடாத ஆமை." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அண்டாவுல உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு. அந்த எழுத்து யாரு எழுத்துன்னு கேட்கவே வேணாம்னு எல்லாருமே சொல்லிட்டாங்க."

தன் எழுத்தை ஊரே இப்படி ஒரே பார்வையில் அடையாளம் சொல்லும் என்று அவள் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள்.

கூடத்தில் ஊர் திரண்டிருந்தது. மேஜைமேல் அண்டா. அதற்குள் மேடம், காலெல்லாம் டேப்பின் பசை. ஆமை டாக்டர் எண்ணெய் தொட்டுப் பசையை எடுத்துக்கொண்டிருந்தாள். வனக்காவலர் நாற்காலியில் இருந்தார். பழைய பாத்திரக்காரன் தரையில் குந்தியிருந்தான்.

"அவங்க வீட்டுலதான் சார் வாங்கினேன். அண்டாவும் ஆமையும் சேர்த்து. அவரு பழைய ஆளுதானே, உங்களுக்கே தெரியும்."

எல்லாக் கண்ணும் மூத்தவன்மேல் திரும்பின. கிரஷர் தூசி தலையில் அப்படியே இருந்தது. அவன் அண்டாவைப் பார்த்தான், அதிலிருந்த எழுத்தைப் பார்த்தான்.

"என்னய்யா சொல்ற?" என்றார் வனக்காவலர்.

"அவளை ஒண்ணும் கேட்காதீங்க சார். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

பெரியவளுக்குச் சட்டென்று புரிந்தது. இவன் நம்பிவிட்டான். சின்னவள்மேல் இருக்கிற ஆத்திரத்தில் தான் விற்றே விட்டதாக இவனே நம்பிவிட்டான். நம்பியும், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். ஊர் சொல்வதைத் தாங்கலாம், இதை எப்படித் தாங்குவது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அவர் இல்ல சார். விக்கவே இல்ல. இவன் திருடிட்டுப் போயிருக்கான். ஆமையை நான்தான் மறைச்சு வச்சேன்."

"அடைச்சு வச்சியா?"

"அடைக்கல. அதுவா வரும், அதுவா போகும். இவங்க நம்பர் போட வந்த அன்னைக்கு மட்டும் அண்டாவைக் கவுத்தேன்."

"எதுக்கு?"

அவள் சின்னவளை ஒருதரம் பார்த்தாள்.

"பொறாமை சார்," என்றாள்.

வனக்காவலருக்கு இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரியவில்லை. "என்னது?" என்றார்.

"பொறாமை. பேர் வெட்டுறது என் தொழில். என்னைக் கேட்கல. இவளைக் கேட்டீங்க. இவ போட்ட இருபத்தேழைப் பாருங்க, ஏழு கோணல். மேடத்து முதுகுலயும் அப்படித்தான் போடுவான்னு மறைச்சேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவி அடங்கியது. பாத்திரக்காரன் இதுதான் சமயம் என்று, "கதை விடறாங்க சார், சாட்சி இருக்கா?" என்றான்.

"இருக்கு," என்றாள் சின்னவள்.

அவள் முகம் வெளுத்திருந்தது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அன்னைக்கு அண்டாக்குள்ள அது கீறின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சே விட்டுட்டு வந்தேன். குழுவுல சொல்லல. அது என் தப்பு. ஆனா அக்கா தினம் தோல் நறுக்கிப் போடுறதும் அதோட பேசுறதும் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். விக்கிறவங்க அப்படிப் பேச மாட்டாங்க. மாமாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தெரிஞ்சும் ஏன்மா தூக்கிப் பார்க்கல?" என்று டாக்டர் கேட்டாள்.

"தூக்கினா அக்கா அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே மாட்டாங்க."

மூத்தவன் தலையை நிமிர்த்திப் பெண்டாட்டியைப் பார்த்தான். தூசிக்குள் கண் மட்டும் சிவந்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. வண்டியின் அடித்தட்டில் இன்னும் டேப்பும் துணிப்பையும் கிடைத்தன. பாத்திரக்காரனை ஜீப்பில் ஏற்றினார்கள். வனக்காவலர் பெரியவளைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். சின்னவளுக்கும் பாதி கிடைத்தது. அட்டையை டாக்டரே எடுத்து அவள் கழுத்தில் திரும்ப மாட்டினாள். "வெயில் ஏறுறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடணும். நம்பர் போட்டுடுங்க. அடுத்தது நாற்பத்தேழு," என்றாள்.

சின்னவள் மெஷினை எடுத்தாள். எடுத்தவள் அதை ஓரகத்தியிடம் நீட்டினாள். "நீங்க போடுங்கக்கா. எனக்கு ஏழு வராது."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இதற்காகத்தான் இத்தனை நாள். மேடத்தை இடது உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து, ஊசியை வைத்தாள். நாலு வந்தது, அச்சில் வார்த்த மாதிரி. ஏழின் மேல்கோட்டைத் தொட்டபோது கைக்குள் ஏதோ அசைந்தது. மேடம் உஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓடு மயிரிழை ஏறி இறங்கியது. எந்தக் குடமும் எந்தத் தட்டும் இதுவரை அவள் மடியில் மூச்சு விட்டதில்லை. ஆழமாகப் போய்விடுமோ என்ற பயத்தில் விரல் நடுங்கியது. மேல்கோடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கால் பாதி வழியில் வளைந்து, இருபத்தேழாம் நம்பர் ஏழைவிட ஒரு சுற்று அதிகமாகவே கோணிக்கொண்டு போய் முடிந்தது.

மெஷினை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. சின்னவள் இப்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். தானாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள்.

சின்னவள் குனிந்து தூளை ஊதிவிட்டாள். ஈரத்துணியால் ஓட்டைத் துடைத்தாள். "மேடத்துக்கு வெயில் தாங்காது, வாங்கக்கா போகலாம்," என்றாள்.

அண்டாவில் கொஞ்சம் புல் போட்டு மேடத்தை வைத்தார்கள். இந்தப் பக்கக் காதைப் பெரியவள் பிடித்தாள், அந்தப் பக்கக் காதைச் சின்னவள் பிடித்தாள். தெருவில் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சின்னவள் மழையைப் பற்றிப் பேசினாள், குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினாள், மாமாவுக்குத் தூசியில் இருமல் வருவதைப் பற்றிப் பேசினாள். ஏழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று பெரியவள் வழி முழுக்கக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுச் சரிக்குச் சரி ஆகிவிடலாம்.

புதரோரம் அண்டாவை இறக்கி, மேடம் கோணல் ஏழோடு உள்ளே போய் மறையும்வரை இருவரும் நின்றார்கள். சின்னவள் கடைசிவரை சொல்லவில்லை. பெரியவளுக்கு வயிறு எரிந்தது.